துளசி ஒன்றல்ல: விதையைச் சங்கமே காக்க வேண்டும்

துளசி என்றால் ஒரே செடி என்றும், அதில் பச்சை, கறுப்பு என நிறத்தால் மட்டுமே இரண்டு வகை உண்டு என்றும் நம்மில் பெரும்பாலோர் எண்ணி வருகிறோம். மாடத்தில் வைத்து வணங்குவதற்கும், மாலை தொடுப்பதற்கும், சளிக்குக் கஷாயம் வைப்பதற்கும் இவ்வளவு அறிவு போதும். ஆனால், வாசனை எண்ணெய்க்காகத் துளசி இனங்களை ஏக்கர் கணக்கில் பயிரிட முன்வரும் விவசாயிக்கு இது போதாது. இன்ன ரகம் என்று அறியாமல் விதைத்து, பல ரகம் கலந்த தழையை ஒரே வாலையில் ஏற்றித் தைலம் காய்ச்சி, வந்த எண்ணெய்க்கு வியாபாரி சொன்னதே விலை என்று வாங்கிக்கொண்டு வருவதில் அவனுக்கு ஏற்படும் நஷ்டம் சிறிதன்று. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. நம் வேலியோரத்திலும் தோட்டத்திலும் இருக்கும் பல வகைகளின் விதை, பெயர் எழுதி வைப்பாரின்றி, நம் கையை விட்டுப் போய்விடும்.

ஆகவே, துளசி இனங்களின் வேறுபாடுகளை நம் சங்கங்கள் பொதுச் சொத்தாகக் கருதிக் காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. அதற்குரிய காரணங்களை அங்கத்தினர்கள் பொறுமையுடன் சீர்தூக்கிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

முதலில் செடிகளைப் பார்ப்போம். தாவர நூலார் இச்செடிகள் எல்லாவற்றையும் ஓசிமம் என்ற ஒரு பேரினத்தில் அடக்குகின்றனர். உலகில் ஏறக்குறைய 65 இனங்கள் அதில் உண்டு என்பது இன்றைய கணக்கு. நம் நாட்டில் எளிதாகக் காணக் கிடைப்பவை சில. கோயில் துளசி ஒன்று. சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சை மற்றொன்று. தரிசிலும் சாலை ஓரத்திலும் தானே முளைக்கும் நாய்த்துளசி, அதாவது கஞ்சாங்கோரை, இன்னொன்று. ஆள் உயரம் வளரும் பெருந்துளசியைச் சிலர் எலுமிச்சந்துளசி என்றும் சொல்வர். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இங்கு வந்த கற்பூரத் துளசியும் உண்டு. ஓர் ஊரில் ஒரு செடிக்கு வழங்கும் பெயர் அடுத்த ஊரில் வேறு செடிக்கு வழங்குவதும் உண்டு. பெயரை மட்டும் நம்பி விதை வாங்குவோர் ஏமாறுவதற்கு இதுவே முதற்காரணம்.

இவை ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் நெருங்கிய உடன்பிறப்புகள் அல்ல. உயிரணுவினுள் மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் குரோமோசோம்கள் திருநீற்றுப்பச்சையில் பெரும்பாலும் 48 என்றும், பெருந்துளசியில் 40 என்றும் ஆய்வாளர் எண்ணியிருக்கின்றனர். கோயில் துளசியின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்தறியும் பணியைப் பெங்களூரிலும் லக்னோவிலும் இரு குழுவினர் தனித்தனியே மேற்கொண்டு, 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாம் எளிய செடி என்று எண்ணுவதை அறிவுலகம் எவ்வளவு பெரிய பொருளாகக் கருதுகிறது என்பதற்கு இது சான்று.

அடுத்து எண்ணெயைப் பார்ப்போம். துளசி இலையை வெளிச்சத்தில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், மேற்பரப்பில் நுண்ணிய சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். வாசனை எண்ணெய் அங்கேதான் உண்டாகித் தங்குகிறது. இலையைக் கசக்கும்போது அச்சுரப்பிகள் உடைவதனாலேயே மணம் எழுகிறது. நூறு கிலோ பசுந்தழையில் அரைக் கிலோ எண்ணெய் இறங்கினால் அது நல்ல மகசூல் என்றே கொள்ள வேண்டும். அந்த அரைக் கிலோவும் ஒரே பொருளன்று. பல பொருள்களின் கலப்பு. கிராம்பின் மணம் தருவது யூஜினால். சோம்பின் மணம் தருவது மெதில் சாவிகால். மலரின் இனிய மணம் தருவது லினலூல். எலுமிச்சைப் புல்லில் உள்ள சிட்ராலும், ஓமத்தில் உள்ள தைமாலும், கற்பூரமும் துளசி இனங்களில் ஏதேனும் ஒன்றில் மிகுந்து காணப்படுகின்றன.

இனத்துக்கு இனம் எண்ணெய் மாறுபடுவதில் வியப்பில்லை. ஒரே இனத்துக்குள்ளேயே அது மாறுபடுவதுதான் விவசாயி கவனிக்க வேண்டிய செய்தி. திருநீற்றுப்பச்சை என்ற ஓர் இனத்தை எடுத்துக்கொண்டால், லினலூல் மிகுந்தது, மெதில் சாவிகால் மிகுந்தது, மெதில் சின்னமேட் மிகுந்தது, யூஜினால் அல்லது மெதில் யூஜினால் மிகுந்தது என எண்ணெயின் தன்மையால் அதனைப் பல பிரிவுகளாகப் பிரிக்கின்றனர். இலையும் பூவும் ஒன்றுபோலவே இருக்கும். வாலையில் இறங்கும் எண்ணெய் வேறாயிருக்கும். பெருந்துளசியிலும் யூஜினால் மிகுந்தது, தைமால் மிகுந்தது, சிட்ரால் மிகுந்தது என்ற பிரிவுகள் உண்டு. கோயில் துளசியும் இதற்கு விலக்கன்று. ஒன்றில் யூஜினாலும் மற்றொன்றில் மெதில் யூஜினாலும் மேலோங்கி நிற்கும். கருந்துளசியின் நிறம் வேறொரு சாயப்பொருளால் வருவது. ஆதலால் நிறத்தைப் பார்த்து எண்ணெயின் தன்மையைத் தீர்மானிக்க இயலாது.

இவ்வேறுபாடு எவ்வளவு நுட்பமான இடத்திலிருந்து பிறக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் 2002-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். சாவிகாலை மெதில் சாவிகாலாக மாற்றும் நொதி ஒன்றும், யூஜினாலை மெதில் யூஜினாலாக மாற்றும் நொதி ஒன்றும் இச்செடியில் உள்ளன. இவ்விரு நொதிகளும் நூற்றுக்கு ஏறக்குறையத் தொண்ணூறு பங்கு ஒத்திருக்கின்றன. அவற்றின் அமைப்பில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதனாலேயே, அவை நாடும் பொருளும் மாறிவிடுகிறது. மண்ணும், உரமும், அறுவடைக் காலமும் எண்ணெயின் அளவையும் கூறுகளின் விகிதத்தையும் ஓரளவு மாற்றும் என்பது உண்மை. ஆனால் செடி பிறப்பிலேயே எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை எந்த உரமும் மாற்றாது. அது விதையில் உள்ளது.

நெசவாளத் தோழர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. 40-ஆம் நம்பர் நூலையும் 80-ஆம் நம்பர் நூலையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் எவரும் பாவு ஓட்டச் சம்மதிக்க மாட்டார்கள். இரண்டும் பருத்தி நூல்தானே என்று சமாதானம் சொல்வாரும் இல்லை. ஆனால் துளசி விஷயத்தில் நாம் இதே தவறான சமாதானத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். எல்லாம் துளசி எண்ணெய்தானே என்று ஒரே பீப்பாயில் ஊற்றுகிறோம். வாங்குபவரோ காஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவியில் ஒரு துளியை வைத்து, எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சில நிமிடங்களில் அறிந்துகொள்கிறார். விற்பவனுக்குத் தெரியாத உண்மை வாங்குபவனுக்குத் தெரியுமானால் விலை யார் கையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றியும், இப்பொழுது அயல்நாட்டுச் சட்டங்களும் எண்ணெயின் கூறுகளைக் கூர்ந்து நோக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டின் விதிகளின்படி, உணவுப் பொருள்களில் மெதில் சாவிகாலும் மெதில் யூஜினாலும் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2023-ஆம் ஆண்டில் மெதில் யூஜினாலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது எனக் கருதத்தக்க பொருள்களின் பட்டியலில் முன்னிருந்ததைவிட ஒரு படி உயர்த்தி வைத்தது. வீட்டில் இரண்டு துளசி இலை மெல்லுபவர் இதனால் அஞ்ச வேண்டும் என்று நான் கூறவில்லை. எண்ணெயாக வடித்து விற்பவர் தம் சரக்கில் இருப்பது லினலூலா, மெதில் யூஜினாலா என்று அறியாமல் இனி வியாபாரம் செய்ய முடியாது என்றே கூறுகிறேன். இத்தாலியில் ஜெனோவா வட்டாரத்து விவசாயிகள் தங்கள் துளசி வகையின் பெயருக்கு 2005-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்புப் பெற்றுவிட்டனர். தம் பொருளின் தனித்தன்மையை அறிந்தவர்களே அதற்கு உரிமை கொண்டாட முடிந்தது.

இதுவரை கூறியது விலையைப் பற்றியது. வேறுபாடுகளைக் காக்க வேண்டுவதற்கு விலையைவிட வலிய காரணம் ஒன்று உண்டு, அது நோய்.

மேல்நாடுகளில் திருநீற்றுப்பச்சை இனத்தின் இனிப்புத் துளசி ஒரு பெரிய கீரைப் பயிர். பல ஆண்டுகளாகச் சந்தை ஒரே மாதிரியான இலையும் மணமும் கேட்டது. விவசாயிகளும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சில ரகங்களையே பயிரிட்டனர். 2001-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் இப்பயிரில் அடிச்சாம்பல் நோய் தோன்றியது. விதையோடும் காற்றோடும் அது நாடு விட்டு நாடு பரவிற்று. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் காணப்பட்டு, பின்னர் அந்நாடெங்கும் பரந்தது. இலை மஞ்சளித்து, அடிப்புறம் சாம்பல் பூத்து, விற்பனைக்கு உதவாமல் போயிற்று. பயிரிட்ட ரகங்கள் அனைத்தும் ஒரே குருதி உடையனவாக இருந்ததால், ஒன்றைத் தாக்கிய நோய் எல்லாவற்றையும் தாக்கிற்று.

மருந்து எங்கே கிடைத்தது என்பதை நம் அங்கத்தினர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் விதை வங்கிகளில் இருந்த பல மாதிரிகளில் தேடி, நோய் சிறிதும் ஏறாத ஒரு காட்டுச் செடியைக் கண்டனர். அச்செடி ஓசிமம் அமெரிக்கானம் என்ற இனத்தைச் சேர்ந்தது. பெயரில் அமெரிக்கா இருப்பினும் அதன் தாயகம் ஆப்பிரிக்காவும் ஆசியாவுமே. நாம் நாய்த்துளசி என்று இகழ்ந்து பிடுங்கி எறியும் செடியின் இனம் அதுவே!

அதனை இனிப்புத் துளசியோடு ஒட்டுச் சேர்த்தபோது பிறந்த கலப்புச் செடிகள் நோயைத் தாங்கின. ஆனால் உறவு தூரமாகையால் அவை மலடாயின. அவற்றை மீண்டும் இனிப்புத் துளசியின் மகரந்தத்தோடு சேர்த்து, உண்டான கருக்களை ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, 115 கருக்களைப் பிழைக்க வைத்தனர். அவ்வழியாக நோய் எதிர்ப்பு நல்ல ரகத்துக்கு இறங்கிய வரலாற்றை அவர்கள் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் நோய் தாங்கும் ரகங்களை வெளியிட்டனர். அவர்களுக்கு உதவியது கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் துளசிக்கு வழங்கும் பெயரையே தாங்கிய ‘ம்ரிஹானி’ என்னும் பழைய நாட்டு ரகம். அதன் இலையும் மணமும் சந்தை கேட்ட வகையன்று. எனினும் அதனை எவரோ விதையெடுத்துக் காத்து வைத்திருந்தபடியால்தான் உதவி கிடைத்தது.

பயனில்லாதது என்று தோன்றும் செடியின் பயன் என்றைக்கு வெளிப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே, இன்று விலை போகும் ரகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழியவிடுவது, விளைந்த நெல்லையெல்லாம் உண்டுவிட்டு விதை நெல்லுக்குக் கடன் கேட்கப் போவதை ஒக்கும்.

நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் இத்துறையில் சோர்ந்திருக்கவில்லை. ஜம்முவிலிருந்த ஆய்வுக்கூடம் பெருந்துளசியிலிருந்து கிராம்பு மணம் மிகுந்த ‘குளோசிமம்’ ரகத்தை உருவாக்கிற்று. 1959-ஆம் ஆண்டில் தோன்றிய லக்னோ மருத்துவ, வாசனைத் தாவர நிறுவனம், யூஜினால் மிகுந்த ‘சிம்-ஆயு’, மெதில் சாவிகாலும் லினலூலும் கொண்ட ‘சிம்-சௌம்யா’, எலுமிச்சை மணமுள்ள ‘சிம்-ஜோதி’ முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. 2017 முதல் வாசனைப் பயிர்களை விவசாயிகளிடையே பரப்பும் இயக்கமும் நடந்து வருகிறது. இந்த நல்ல ரகங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மனமார வரவேற்கிறேன். ஆனால் இவையும் நாட்டில் சிதறிக் கிடந்த பல வகைகளைத் தேடித் திரட்டியதன் பயனாகவே பிறந்தன என்பதை மறக்கலாகாது. புது ரகம் வந்ததும் பழையதைத் தொலைத்துவிட்டால், அடுத்த ரகத்தை எதிலிருந்து உண்டாக்குவது?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். “வாங்குபவர் ஒரே சீரான எண்ணெயைக் கேட்கிறார், நீரோ பல வகைகளை வைத்திருக்கச் சொல்கிறீர், இரண்டும் எப்படிப் பொருந்தும்? இதற்குச் செலவு யார் செய்வது?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விற்பனைக்குப் போகும் பீப்பாயில் ஒரே சீர் வேண்டும் என்பதை நானும் ஒப்புகிறேன். அதற்காகவே, வயலில் ரகங்கள் கலவாதிருக்க வேண்டும் என்கிறேன். பன்மை இருக்க வேண்டிய இடம் விதைக் களஞ்சியமும் நாற்றங்கால் மூலையும். அதற்குப் பெரிய நிலமோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஒரு தனி விவசாயி பத்து வகைகளை ஆண்டுதோறும் பேணுவது கடினமே. பத்து அங்கத்தினர் ஆளுக்கு ஒரு வகையை ஏற்றுக்கொண்டால் அது எவருக்கும் பாரமாகாது. தனி மனிதனால் ஆகாததைக் கூடிச் செய்வதற்கன்றோ சங்கம் ஏற்பட்டது?

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையிலுள்ள துளசி வகைகளைப் பார்த்து ஒரு பதிவேடு எழுத வேண்டும். எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில், எப்பெயரால் வழங்குகிறது, கசக்கினால் என்ன மணம் வருகிறது என்பவை அதில் இருந்தால் போதும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சிதோறும் அமைய வேண்டிய குழு வைத்திருக்கும் மக்கள் பதிவேட்டிலும் இவ்விவரங்களைச் சேர்க்கச் செய்தல் நலம்.

இரண்டாவதாக, விதையைக் கலப்பின்றி எடுக்க வேண்டும். துளசிப் பூவைத் தேனீக்கள் நாடி வருவதால், அருகருகே உள்ள வகைகள் எளிதில் கலந்துவிடும். உலகெங்கும் பயிராகும் எலுமிச்சை மணத் துளசியே திருநீற்றுப்பச்சையும் நாய்த்துளசியும் கலந்து பிறந்ததுதான். ஆதலால் விதைக்கு விடும் செடிகளைத் தொலைவில் வளர்க்க வேண்டும். இயலாவிடில், பூங்கொத்து மலருமுன்னரே மல் துணியால் தைத்த சிறு பைகளால் மூடிவிட வேண்டும். நம் தறிகளில் விழும் துண்டுத் துணியே இதற்குப் போதும். பைக்குள் விதை குறைவாகப் பிடிப்பினும் கலப்பில்லாததாக இருக்கும். குணம் அறிந்த ஒரு தாய்ச்செடியை அப்படியே பெருக்க வேண்டுமானால், கிளை நறுக்குகளை நட்டு வேர்விடச் செய்வதே சிறந்த வழி. எடுத்த விதையை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் இட்டு, பெயரும் ஆண்டும் எழுதிக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, ரகவாரியாகத் தைலம் காய்ச்சி, ரகவாரியாகச் சோதித்து, சோதனைத் தாளோடு விற்க வேண்டும். ஒவ்வொரு வாலைக்கும் ஒரு கருவி வாங்க வேண்டுவதில்லை. லக்னோ நிறுவனத்துக்குப் பெங்களூரிலேயே ஆய்வு மையம் இருக்கிறது. பல சங்கங்கள் சேர்ந்து மாதிரிகளை அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறையும். சோதனையின் முடிவை விவசாயிக்கும் எழுத்தில் தர வேண்டும்.

நான்காவதாக, விதையின் மீதுள்ள உரிமையை விட்டுக்கொடுக்கலாகாது. விதை தந்து, விளைந்ததைத் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வரும் வியாபாரிகளின் ஒப்பந்தத்தில், விதையைத் திரும்ப எடுத்து வைக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கையொப்பமிடுமுன் படித்தறிய வேண்டும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை முத்திரைப் பெயரிட்டு விற்பதை மட்டுமே அது தடுக்கிறது. இவ்வுரிமை ஏட்டில் இருந்தால் போதாது; விதை நம் கையில் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. சங்கம் சேர்த்த மாதிரிகளில் ஒரு பங்கைத் தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்துக்கும் அனுப்பி வைத்தால், இங்கே வெள்ளமோ வறட்சியோ வந்து அழிந்தாலும் அங்கே மிஞ்சும்.

இவை நான்கும் பெரிய திட்டங்கள் அல்ல. ஒரு நோட்டுப் புத்தகமும், சில துணிப்பைகளும், சில கண்ணாடிச் சாடிகளும், ஒவ்வொரு வகையையும் பொறுப்பேற்றுக்கொள்ளும் அங்கத்தினர் ஒருவரும் இருந்தால் இப்பருவத்திலேயே தொடங்கிவிடலாம். சாலை அகலமாகும் இடங்களிலும், களைக்கொல்லி தெளிக்கும் வரப்புகளிலும் நாய்த்துளசிக்கு இடமில்லாமல் போகிறது. காலம் தாழ்த்தினால் பதிவேட்டில் எழுதப் பெயர் இருக்கும். எடுக்க விதை இராது. ஆகவே, நம் சங்க நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, எந்த ஊரில் யார் எவ்வகையைப் பேணுவது என்று தீர்மானித்து அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.